வீட்டறையில் ஓர் இசைக்கூடம்

ஒரு பாடலைக் கேட்டு மகிழ்வோர் அதனைப் பாடியவரை அறிவர். அதற்கு இசையமைத்தவரையும் அறிவர். பாடலை இயற்றியவரை ஓரளவேனும் நினைவிற் கொள்வர். ஆனால், அப்பாடலில் குரல் எவ்வளவு முன்னே நிற்க வேண்டும், மிருதங்கம் எவ்வளவு பின்னே ஒலிக்க வேண்டும், வயலின் எந்த இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பனவற்றைத் தீர்மானித்தவர் ஒருவரும் இருந்தார் என்பதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய பணி செவ்வனே நிறைவேறியிருப்பின் அது கேட்போருக்குப் புலப்படுவதேயில்லை. புலப்படுமாயின், அது பெரும்பாலும் குறையாகவே புலப்படும். இசைக்கலவை எனப்படும் இப்பணி, நாடகத்தில் திரைக்குப் பின்னால் விளக்குப் பிடிப்பவனின் பணியைப் போன்றது.

கருவிகளுக்கிடையே ஓர் ஒழுங்கு வேண்டும் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. மாதவியின் அரங்கேற்றத்தை விவரிக்கும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, எந்தக் கருவி எதனைப் பின்பற்றி ஒலித்தது என ஒரு வரிசையையே தருகிறது. குழலுக்கு யாழும், யாழுக்குத் தண்ணுமையும் துணைநின்ற அந்த அரங்கில், ஒவ்வொரு கலைஞனும் மற்றவனைக் கேட்டுக்கொண்டே வாசித்தான். கலவையைச் செய்தவை அவர்களுடைய செவிகளே.

ஒலிப்பதிவின் தொடக்க காலத்தில் இக்கலவை தூரத்தினாற் செய்யப்பட்டது. ஒரே ஒலிவாங்கியின் முன் பாடகர் அருகிலும், உரத்து ஒலிக்கும் கருவிகளை வாசிப்போர் தொலைவிலும் நிறுத்தப்பட்டனர். எவரேனும் ஒருவர் பிழைத்தால் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 1957ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞராகிய லெஸ் போல், அம்பெக்ஸ் நிறுவனத்திடமிருந்து எட்டுத் தடங்கள் கொண்ட ஒலிப்பதிவுக் கருவியொன்றைப் பெற்றார். ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்திற் பதிந்து, பின்னர் அவற்றை ஒன்றாக இணைக்கும் முறை அக்காலத்திலிருந்து விரைவாக வளர்ந்தது. ஆயினும், அது பெருநகரங்களிலிருந்த செல்வச் செழிப்புள்ள ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே நெடுங்காலம் உரியதாக இருந்தது. 1996ஆம் ஆண்டில் ஸ்ரைன்பேர்க் என்னும் ஜேர்மன் நிறுவனம் வீ.எஸ்.ரி. என்னும் நியமத்தை வெளியிட்டது. கூடத்துச் சுவர்களை நிறைத்திருந்த கருவிகள், அதன்பின், கணினியில் இயங்கும் ஒலிப்பதிவு நிரலொன்றினுள் செருகப்படும் சிறு நிரல்களாகச் சுருங்கத் தொடங்கின. பிளகின் என வழங்குவது இதுவே. இதனால், கலவை செய்வதற்கு வேண்டிய கருவிகள் வீட்டறைக்கு வந்து சேர்ந்தன. கருவிகள் வந்தன, அவற்றைக் கையாளும் செவி தானாக வந்துவிடவில்லை. அச்செவியைத் தேடிச் சென்ற ஓர் இளைஞனின் அனுபவம் ஈண்டு நோக்கத்தக்கது.

வலிகாமத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த அவன், விஞ்ஞான பீடத்தில் இறுதியாண்டு மாணவன். அவனுக்குச் சிறுவயது தொட்டு ஒரு நண்பன். ஒருவன் மெட்டுக் கட்டுவான்; மற்றவன் பாடுவான். கோயில் திருவிழாவிலும், பாடசாலை மேடையிலும், பின்னர்ப் பல்கலைக்கழகக் கலைவிழாவிலும் இவ்விருவரும் இணைந்தே அறியப்பட்டனர். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நண்பனுக்குக் கனடா செல்வதற்கான அனுமதி கிடைத்தது. அவ்வாண்டில் நாட்டை விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான இளைஞருள் அவனும் ஒருவனானான். புறப்படுவதற்கு முன்னர் இருவரும் சேர்ந்து செய்த பாட்டொன்றையாவது ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும் என்னும் விருப்பம் இருவருக்கும் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடமொன்றுக்குச் செல்வதற்குப் பணமும் இல்லை. மோட்டார்ச் சைக்கிளுக்குப் பெற்றோலும் இல்லை.

மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டுகொண்டு போன காலம் அது. மார்ச் மாத இறுதியில் அது நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியது. இத்துன்பத்தினூடே எதிர்பாராத நன்மையொன்றை அவ்விருவரும் கண்டனர். மின்சாரம் நின்றதும் ஊரே அமைதியாயிற்று. அயல்வீட்டு நீரிறைக்கும் மோட்டர், மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, கோயில் ஒலிபெருக்கி ஆகிய அனைத்தும் ஒருசேர ஓய்ந்தன. மின்சாரமுள்ள வேளையில் ஒருபோதும் கிடைக்காத அமைதி, மின்சாரமற்ற அவ்வேளையில் இலவசமாகக் கிடைத்தது. ஆயின், மடிக்கணினியின் மின்கலம் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலமே தாங்கும். அதற்குள் பாடி முடித்தாக வேண்டும்.

சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் கொண்ட அறையில் எதிரொலி மிகுதி. ஆதலால், அம்மாவின் சேலைகள் தொங்கிய அலுமாரியின் கதவுகளை அகலத் திறந்து, அதற்கு எதிர்ப்புறத்தில் மெத்தையொன்றை நிமிர்த்தி வைத்து, இரண்டுக்கும் நடுவில் ஒலிவாங்கியை நிறுத்தினர். துணி ஒலியை உறிஞ்சும் என்பது பௌதிக நூலிற் படித்ததே. அதனைச் செவியால் அறிந்தது அன்றுதான். குத்துவிளக்கின் வெளிச்சத்தில், வழிகாட்டியாகப் பதிந்து வைத்திருந்த கிற்றார் ஒலியை ஹெட்போனிற் கேட்டவாறு, நண்பன் மூன்று முறை பாடினான். முதன்முறை தயக்கம் தெரிந்தது. இரண்டாம் முறை நன்றாக அமைந்தது. மூன்றாம் முறை அதனினும் நன்றாக அமைந்திருக்கக்கூடும். ஆனால், கடைசிச் சரணத்தில் மின்கலம் தீர்ந்து கணினி அணைந்துவிட்டது. இருவரும் இருளிற் சிரித்தனர். நான்கு நாட்களின் பின்னர் நண்பன் இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் புறப்பட்டான்.

எஞ்சியது இரண்டாம் முறை பாடிய குரல் ஒன்றே. அதனை மீண்டும் பாடுவிக்க வழியில்லை. இச்செய்தி பின்னர் நிகழ்ந்தவை அனைத்துக்கும் அடிப்படையாகும். கூடத்தில் பணியாற்றும் ஒலிப்பதிவாளன் ஒருவன், குறையொன்றைக் கண்டால் பாடகரை மறுபடி பாடச் சொல்லலாம். இவனுக்கோ அந்தக் குரலில் இருந்தது எதுவோ அதுவே இருப்பு. அதில் இல்லாதது எதுவும் எப்போதும் வரப்போவதில்லை.

அடுத்த சில வாரங்களில் அவன் கிற்றாரைத் தானே வாசித்துப் பதிந்தான். மைத்துனி ஒருத்தி வயலின் வாசித்தாள். அயலிலுள்ள சிறுவன் ஒருவன் மிருதங்கம் வாசித்தான். இவற்றை இணைப்பதற்கு அவன் தெரிந்துகொண்ட நிரல் றீப்பர் என்பது. அறுபது நாட்களுக்கு அதனை இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். பின்னர், தனியாள் பாவனைக்குரிய உரிமத்தின் விலை 60 டொலர். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 12,000 ரூபாவாக இருந்த அத்தொகை, மே மாத நடுப்பகுதியில், ரூபாவின் வீழ்ச்சியினால் 21,000 ரூபாவைத் தாண்டிற்று. விலைமிக்க பிளகின்களைப் பற்றி எண்ணுவதற்கும் இடமில்லை. நிரலுடன் சேர்ந்து வந்த எளிய பிளகின்களே அவனுக்குரியன: மீடிறன்களைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் ஈக்குவலைசர், ஒலியின் ஏற்றத்தாழ்வை ஒடுக்கும் கொம்பிரசர், மெல்லொலியை அடைத்துவிடும் கேற், இடத்தின் எதிரொலியைப் போலச் செய்யும் ரிவேர்ப். இந்நான்கும் அறிந்தவன் கலவைக் கலையின் பெரும்பகுதியை அறிந்தவனாவான். ஆனால், அறிதல் என்பது அவற்றின் குமிழ்களைத் திருகத் தெரிவதன்று.

முதற் கலவையில் அவன் செய்தவை, இத்துறையிற் புகும் எவரும் செய்யும் பிழைகளே. குரல் மெல்லிதாகத் தோன்றியமையால் கீழ்ச்சுரப் பகுதியை உயர்த்தினான். பின்னர் அது மந்தமாக ஒலித்தமையால் மேற்பகுதியை உயர்த்தினான். வயலின் அதற்குள் மறைந்தமையால் வயலினை உயர்த்தினான். மிருதங்கம் காணாமற் போகவே அதனையும் உயர்த்தினான். ஈற்றில் அளவுமானி சிவப்பு நிறத்தைக் காட்டியது. எண்முறைப் பதிவில் சுழி டெசிபெல் என்பது உச்ச எல்லை. அதற்கு மேல் அலையின் முடிக்கு இடமில்லை. முடி வெட்டுண்டு, ஒலி கரகரத்துவிடும். அன்றியும், ‘ஆண்குரல்’, ‘பெரிய மண்டபம்’ முதலிய பெயர்களில் நிரலிலும் அயலிலும் கிடைத்த ஆயத்த அமைப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். ஓர் ஆயத்த அமைப்பு என்பது, வேறொருவன், வேறொரு குரலுக்கு, வேறொரு அறையில் எடுத்த முடிவு என்பதை அவன் அப்போது உணரவில்லை. நண்பனின் குரலின்மேல் ஒரு கட்டத்தில் பதினொரு பிளகின்கள் ஏறியிருந்தன.

அக்கலவையை நண்பனுக்கு அனுப்பினான். மறுநாள் வட்ஸ்அப்பில் மறுமொழி வந்தது: “மச்சான், பாட்டு நல்லாயிருக்கு. ஆனா பாடுறது ஆர்?”

வேடிக்கையாகச் சொல்லப்பட்ட அவ்வார்த்தை அவனை வருத்தியது. வருத்தியமையாற் பயனும் விளைத்தது. பதினொரு பிளகின்களையும் நீக்கினான். தடங்கள் அனைத்தின் ஒலியளவையும் தாழ்த்தி, வெறுமனே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களைக் கொண்டு மட்டும் பாடலைச் சமநிலைப்படுத்த முயன்றான். முதலிற் குரலை வைத்தான்; அக்குரலுக்கு எவ்வளவு கிற்றார் போதும் எனக் கேட்டான்; பின்னர் மிருதங்கம், ஈற்றில் வயலின். ஒருவார காலம் இதனையே செய்தான். வியக்கத்தக்க வகையில், பாடலின் முக்காற் பங்கு இதனாலேயே ஒழுங்குபட்டது. பிளகின்கள் தீர்க்க வேண்டிய சிக்கல்கள் எவை, வெறும் ஒலியளவு தீர்க்கக்கூடியவை எவை என்ற வேறுபாடு அப்போதுதான் தெரிந்தது.

எஞ்சிய சிக்கல்களுள் தலையாயது மறைப்பு. மனித செவி ஏறத்தாழ 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களைக் கேட்கக்கூடியது. ஆயினும், எல்லாவற்றையும் ஒரே கூர்மையோடு கேட்பதில்லை. 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியிலேயே அது மிகக் கூர்மையானது. சொற்களின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறுவதும், வயலினின் வில் ஒலி பளிச்சிடுவதும் பெரும்பாலும் இப்பகுதியிலேதான். ஒரே இடத்திற்கு இருவர் போட்டியிடும்போது, குரலை உயர்த்தினால் வயலின் மங்கும். வயலினை உயர்த்தினால் சொல் மங்கும். தீர்வு யாதெனில், எதனையும் உயர்த்தாது, குரல் ஒலிக்கும் இடங்களில் மட்டும் வயலினின் அப்பகுதியை இரண்டு அல்லது மூன்று டெசிபெல் குறைப்பதே. வயலின் குறைந்ததாகக் கேட்பவருக்குத் தோன்றுவதில்லை. குரல் தெளிந்ததாகவே தோன்றும். ஈக்குவலைசர் என்பது கூட்டுவதற்குரிய கருவி என எண்ணியிருந்தவனுக்கு, அது பெரும்பாலும் கழிப்பதற்குரிய கருவி என்பது இவ்வாறு விளங்கிற்று.

கழித்தலிலும் அறிவு வேண்டும் என்பதை மிருதங்கம் கற்பித்தது. தாழ்ந்த மீடிறன்களை வெட்டிவிட்டால் கலவை தெளிவுறும் என எங்கோ கேள்விப்பட்டு, எல்லாத் தடங்களிலும் 100 ஹேர்ட்சுக்குக் கீழே வெட்டினான். குரலுக்கும் கிற்றாருக்கும் அது நன்மையே செய்தது. தேவையற்ற இரைச்சல் அகன்றது. மிருதங்கத்திலோ தொப்பியின் கும்காரம் மெலிந்து, வாத்தியமே வெறும் தகரம் போலாயிற்று. சாதாரணமாக, தோலை இழுத்துக் கட்டிய முழவு ஒன்றின் மேற்சுரங்கள் இசைவான விகிதத்தில் அமைவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிற் பூசப்படும் கரும்பசை, தோலின் பாரத்தை மாற்றி, அம்மேற்சுரங்களை ஒழுங்குபடுத்துகிறது என்பதைச் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலும் 1934ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகளில் எடுத்துக்காட்டினார். அதனாலேயே மிருதங்கத்திற்குச் சுருதி உண்டு. மேலைத்தேய டிரம்முக்கென எழுதப்பட்ட அறிவுரையை மிருதங்கத்தின்மேல் அப்படியே சுமத்தக்கூடாது என்பது அவனுக்கு அப்போது புரிந்தது.

கிற்றார்த் தடத்தில் வேறொரு தொல்லை இருந்தது. மின்சாரம் உள்ள வேளையிற் பதியப்பட்டமையால், அதனடியில் ஓர் இடையறாத முரல் ஒலி கேட்டது. இலங்கையின் மின்வழங்கல் 50 ஹேர்ட்ஸ் மீடிறனுடையது. முரலும் 50, 100, 150 எனும் மீடிறன்களிலேயே தோன்றிற்று. மிக ஒடுங்கிய வெட்டுகளால் அவற்றை அகற்றினான். மின்வெட்டில் பதியப்பட்ட குரலில் அத்தகைய முரல் இருக்கவில்லை. இருளிற் பாடிய பாட்டுத் தூயதாயும், வெளிச்சத்தில் வாசித்த கிற்றார் மாசுற்றதாயும் இருந்தமை அவனுக்கு விநோதமாகப்பட்டது.

கொம்பிரசரைப் புரிந்துகொள்வதற்கு மேலும் ஒரு மாதம் ஆயிற்று. ஓர் எல்லையைக் குறித்துவிட்டால், அதனைத் தாண்டும் ஒலியை அது ஒடுக்கும். நான்குக்கு ஒன்று என்னும் விகிதத்தில், எல்லையை எட்டு டெசிபெல் தாண்டும் ஒலி இரண்டு டெசிபெல் தாண்டியதாகவே வெளிவரும். இதனால் உரத்த சொல்லும் மெல்லிய சொல்லும் அருகருகே வரும். பின்னணியுள் குரல் அமிழ்ந்து போகாது. ஆனால், ஒடுக்கிய பின்னர் முழு ஒலியையும் உயர்த்தும்போது, மெல்லியவை யாவும் மேலெழும். பல்லியின் ஒலி, வேலியோலையின் சலசலப்பு, உதடு பிரியும் ஓசை ஆகியவை, பாடும்போது எவரும் கேளாதவை, பாட்டின் நடுவே வந்து நின்றன. உணர்ச்சியும் ஏற்றத்தாழ்விலேதான் தங்கியுள்ளது. அநுபல்லவியில் நண்பன் வேண்டுமென்றே குரலைத் தாழ்த்திய ஓர் இடத்தை, கொம்பிரசர் பிழையெனக் கருதித் திருத்திவிட்டது. கருவிக்கு அளவு தெரியும், காரணம் தெரியாது. ஆகவே அந்த இடத்தில் மட்டும் அவன் அதனை விலக்கி, ஒலியளவைத் தன் கையாலேயே வரைந்து வைத்தான்.

இக்காலத்தில் அவன் அறிந்த மற்றோர் உண்மை, செவியின் ஏமாளித்தனம். பிளகின் ஒன்றைச் செருகியதும் பாடல் மேம்பட்டதாகத் தோன்றும். உண்மையில் அது சற்று உரத்திருக்கும், அவ்வளவே. ஒலி உரக்கும்போது தாழ்ந்த மீடிறன்களும் உயர்ந்த மீடிறன்களும் செவிக்கு நிறைவாகக் கேட்கும் என்பதை 1933ஆம் ஆண்டில் பிளெச்சர், மன்சன் என்னும் ஆய்வாளர் இருவர் அளந்து காட்டினர். இதனை அறிந்தபின், பிளகினுக்கு முன்னும் பின்னும் ஒலியளவைச் சமமாக்கி, கண்களை மூடிக்கொண்டு ஒப்பிட்டான். தான் பெருமையோடு செய்த மாற்றங்களுட் பாதி, சமமான அளவிற் கேட்டபோது ஒரு பயனும் அற்றவையாய், சில தீங்காகவும் இருந்தன. தன் உழைப்பையே ஐயுறக் கற்பது எந்தத் துறையிலும் எளிதன்று. நள்ளிரவில் மிகச் சிறந்ததாகத் தோன்றிய கலவை, காலையில் கேட்கும்போது கூச்சலாகத் தோன்றியதும் பலமுறை நிகழ்ந்தது. கணினியில் ‘முடிவு’, ‘முடிவு இரண்டு’, ‘இறுதி முடிவு’, ‘இதுவே இறுதி’ எனக் கோப்புகள் பெருகின.

அலுமாரிக்கும் மெத்தைக்கும் இடையிற் பதிந்த குரலில் இடம் என்பதே இருக்கவில்லை. பாடுபவன் செவிக்குள் நின்று பாடுவது போலிருந்தது. அதற்கோர் இடத்தைக் கொடுப்பது ரிவேர்ப்பின் பணி. 1957ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வெளியான ஈ.எம்.ரி. 140 என்னும் கருவி, தொங்கவிடப்பட்ட பெரிய உருக்குத் தகட்டின் அதிர்வினால் இவ்விளைவை உண்டாக்கியது. அதன் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். இன்று அதனைப் போலச் செய்யும் நிரலுக்கு நிறையே இல்லை. நிறையின்மையால் வரும் ஆபத்து, அளவின்றிப் பயன்படுத்துவது. முதற் கலவையிற் குரல் ஆழ்கிணற்றிலிருந்து ஒலித்தமைக்குக் காரணம் இதுவே. நேரடி ஒலிக்கும் முதற் தெறிப்புக்கும் இடையே 20 மில்லிசெக்கன் இடைவெளி விட்டபோது நிலைமை மாறிற்று. ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்வதாகக் கொண்டால், இது சுமார் ஏழு மீற்றர் மேலதிகப் பயணத்துக்கு ஒப்பானது. சொல் முதலில் அருகில் ஒலித்து, அதன்பின்னரே மண்டபம் விழித்துக்கொள்ளும். அவன் மனத்தில் இருந்தது பெரிய மண்டபமன்று. இருவரும் முதன்முதலில் சேர்ந்து பாடிய பாடசாலை மண்டபம். மரச்சட்டங்களின்மேல் ஓடு வேய்ந்த, இருபுறமும் திறந்த அம்மண்டபத்தில் ஒலி நெடுநேரம் தங்குவதில்லை. அந்த அளவை அவன் நினைவிலிருந்தே அமைத்தான்.

செப்ரெம்பர் மாதமளவில் கலவை நிறைவுற்றதாக அவன் கருதினான். குரலுக்கு இடையிடையே கேட்ட மூச்சு, ஓலைச் சலசலப்பு முதலியவற்றைக் கேற் என்னும் பிளகினால் முற்றாக அடைத்திருந்தான். சொல் வருகையிற் கதவு திறக்கும். சொல் முடிந்ததும் கதவு மூடும். மாசற்ற ஒலி. அதனைக் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு, இரண்டு ஒழுங்கைகளுக்கு அப்பாலிருந்த நண்பனின் வீட்டுக்குச் சென்றான். கைத்தொலைபேசியின் சிறிய ஸ்பீக்கர் தாழ்ந்த மீடிறன்களை ஒலிக்கவல்லதன்று. அதில் நன்றாகக் கேட்கும் கலவை எங்கும் கேட்கும் என்பது இத்துறையினர் கண்ட உண்மை. அதனைச் சோதிப்பதும் அவனுடைய நோக்கம். நண்பனின் தாயார் தொலைபேசியை இரண்டு கைகளாலும் பிடித்து, செவியருகே வைத்து, பாடல் முழுவதையும் கேட்டார். முடிந்ததும் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர்,

“வடிவாயிருக்குத் தம்பி. ஆனா அவன் பாடத் தொடங்க முன்னம் ஒரு மூச்சு இழுப்பான். சின்னனிலை இருந்தே அப்பிடித்தான். அதைக் காணேல்லையே?” என்றார்.

“அது பிழையெண்டு எடுத்துப்போட்டன், அன்ரி.”

“அது பிழையே?”

அவர் குறை கூறவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். எனினும், அவ்வினாவுக்கு அவனிடம் விடை இருக்கவில்லை. வீடு திரும்பி, கேற்றை நீக்கிவிட்டுக் கேட்டான். முதலடிக்கு முன்னர் நண்பன் மூச்சை உள்ளே இழுத்தான். அரைச் செக்கனுக்கும் குறைவான அவ்வொலியில், குத்துவிளக்கின் வெளிச்சத்தில் தோளை உயர்த்தி நின்ற அவனது தோற்றம் முழுவதும் இருந்தது. அம்மூச்சின்றிக் குரல் எங்கிருந்தோ திடீரென முளைத்தது. அம்மூச்சோடு ஒரு மனிதன் பாடினான். ஆறு மாத காலம் மீடிறன், டெசிபெல், மில்லிசெக்கன் ஆகியவற்றில் மூழ்கியிருந்தவன் கேளாத ஒன்றை, இவற்றுள் எதனையும் அறியாத ஒருவர், இரண்டு விரலளவு ஸ்பீக்கரில், அது இல்லாமையைக் கொண்டே கேட்டுவிட்டார்.

இசைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான எல்லையை எந்த மானியும் காட்டுவதில்லை. அவ்வெல்லை, கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. ஓர் அந்நியனுக்கு அம்மூச்சு இரைச்சலாகவே இருந்திருக்கலாம். தாய்க்கு அதுவே மகனின் அடையாளம். கலவை செய்பவன் இவ்விருவருக்கும் இடையில் நிற்கிறான். இருவரையும் மனத்திற் கொண்டு அவன் ஒரு முடிவை எடுத்தேயாக வேண்டும். அம்முடிவைப் பிளகின் எடுத்துத் தராது. இலங்கைப் பௌதிக நூல்களில், ஒரு பொருளின் அதிர்வுக்கு இசைந்து மற்றொரு பொருள் பெருமளவில் அதிர்வதைப் பரிவு என்பர். பரீட்சைக்காக அச்சொல்லின் வரைவிலக்கணத்தைப் பலமுறை எழுதியவன் அவன். அச்சொல்லின் மற்றைப் பொருள் அன்று அவன் நினைவுக்கு வந்தது.

மூச்சுகள் அனைத்தையும் அவன் அப்படியே விட்டுவிடவும் இல்லை. கொம்பிரசரினால் மிகைப்பட்டவற்றை ஒவ்வொன்றாகச் சில டெசிபெல் தாழ்த்தினான். சொல்லின் நடுவே இடறியவற்றை மேலும் தாழ்த்தினான். முதலடிக்கு முந்திய மூச்சைத் தொடவேயில்லை. ஓலைச் சலசலப்பிலும் சிறிதளவை விட்டுவைத்தான். இறுதியில் குரலின்மேல் மூன்று பிளகின்களே எஞ்சின: தாழ்பகுதியை வெட்டும் ஓர் ஈக்குவலைசர், மிதமாக இயங்கும் ஒரு கொம்பிரசர், பாடசாலை மண்டபத்தளவான ஒரு ரிவேர்ப்.

பாடல் உலகறியப் பரவியது என்று கூறுவதற்கில்லை. நண்பர்களும் உறவினர்களும் கேட்டனர், சிலர் பாராட்டினர். கலவையைப் பற்றி எவரும் ஒன்றும் கூறவில்லை. அவ்வாறு கூறாமையே அதற்குக் கிடைக்கக்கூடிய பாராட்டு என்பதை அவன் அப்போது அறிந்திருந்தான். கனடாவிலிருந்து நண்பன், தனது முதல் மாதச் சம்பளத்தில் றீப்பர் நிரலின் உரிமத்தை அவன் பெயரில் வாங்கி அனுப்பினான். “இனி ஞாயமாப் பாவி” என்பது அதனோடு வந்த செய்தி.

பின்னர்ப் பல்கலைக்கழகத்தில் இளைய மாணவர் சிலர் தத்தம் பாடல்களோடு அவனிடம் வரலாயினர். எந்தப் பிளகின் சிறந்தது என்பதே அவர்களது முதல் வினா. அவர்கள் செருகி வைத்திருப்பவை அனைத்தையும் அணைத்துவிட்டு, பாடியவரை நன்கு அறிந்த ஒருவருக்கு முதலில் அதனைக் கேட்கக் கொடுக்குமாறு அவன் கூறுவான். சிலர் அதனை ஏமாற்றத்தோடு கேட்டுச் செல்வர். சிலர் சில நாட்களின் பின் திரும்பி வருவர். அவ்வாறு திரும்பி வருவோரோடு அமர்ந்து, ஒலியளவுக் குமிழ்களைக் கீழே இறக்கி, முதலிற் குரலை வைத்து, அவன் தொடங்குவான்.